பூஜ்ய ரூபாய்

வண்டியூர்க் கண்மாய்க் கரைப் பூங்காவில்
டிக்கெட் கொடுப்பது நான்.
பெரியவர் பத்து, சிறியவர் ஐந்து,
கேமரா கொண்டுவந்தால் ஐம்பது.
போன தை மாதம் மெஷினில் புதிதாக ஒரு பொத்தான் வந்தது:
முன்னாள் படைவீரர், பூஜ்ய ரூபாய்.

"சும்மா விடுறதுன்னா விட்டுற வேண்டியதுதானே,
அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?" என்றேன்.
"கணக்கு வேணும்ல" என்றார் சூப்பர்வைசர்.
பள்ளிக்கூடம் விட்டு என் மகள் என்னைப் பார்க்க வந்தாலும்
கைப்பையிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்து
என் கல்லாவில் நானே போடுகிறேன்.
அதுவும் கணக்குதான்.

அந்தப் பொத்தானை முதலில் அழுத்த வைத்தவர்
பேரையூர்ப் பக்கத்து ஒச்சப்பன்.
இப்போது கே.கே. நகரில், மகன் வீட்டு மூன்றாம் மாடி.
கேட்பதற்குள் அட்டையை நீட்டிவிடுவார்.
அட்டையில் மீசை கறுப்பு.

"எந்தச் சண்டையிலய்யா இருந்தீங்க?"
"எந்தச் சண்டையிலயும் இல்லம்மா.
சண்டைக்குப் போற துப்பாக்கிக்கு வைத்தியம் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருசம்.
ஜபல்பூர்ல பாதி, லடாக்குல பாதி."
டிக்கெட்டை நான்காக மடித்துச்
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

உள்ளே நாலு சுற்று நடப்பார்.
கோரைக்குள் முங்கி எழும் நாமக்கோழியைக் கொஞ்சநேரம்.
வடக்குக் கரையில் மஸ்தானின் பலூன் கடை,
பத்துக் குண்டு இருபது ரூபாய்.
அவன் துப்பாக்கி லேசாக இடப்பக்கம் இழுக்கும்.
இழுக்காவிட்டால்
அவன் வீட்டில் உலை வைக்க முடியாது.

ஒரு சனிக்கிழமை,
அழுதுகொண்டு நின்ற பையனிடமிருந்து
அதை வாங்கிக் கண்ணோரம் வைத்துப் பார்த்திருக்கிறார்.
பேனாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னத் திருப்புளி.
இரண்டு திருகு.
"இப்ப அடி தம்பி."

விளக்குப் போடும் நேரம்
மஸ்தான் என் கவுண்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்:
"அக்கா, உங்க ஓசி டிக்கெட்டு
என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுருச்சு.
நண்டு சிண்டெல்லாம் சுடுது, அம்புட்டும் வெடிக்குது.
பரிசுக்கு வச்ச சோப்பு டப்பா ஒண்ணு மிச்சமில்ல."
எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
அவனுக்குப் பின்னால்
ஒச்சப்பன் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு, நல்ல கூட்டம்.
அட்டையை எடுக்கவில்லை அவர்.
பத்து ரூபாய்த் தாள்.
"இன்னைக்கு ஒரு வேலையா வந்திருக்கேன்மா."
அழுத்தினேன்: பெரியவர், ஒன்று.

டீ குடிக்கிற சாக்கில்
செக்யூரிட்டியை என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப்
பின்னாலேயே போனேன்.

மஸ்தான் முன்னால் நூறு ரூபாயை வைத்து
ஐம்பது குண்டு கேட்டார்.
தோளில் அணைத்தார். சுட்டார்.
ஒன்றும் வெடிக்கவில்லை.
மறுபடி.
மறுபடி.
"ஆர்மிக்கே குறி தப்புதுடா" என்று பையன்கள் சிரித்தார்கள்.
யாரோ பந்தயம் கட்டினார்கள்.
ஐம்பதும் முடிந்ததும்
கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.
தோள் மட்டும் இரண்டு தரம் அசைந்தது.
பிறகு துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்.
அதற்குள் ஆளுக்கு இருபது ரூபாயோடு
வரிசை நின்றுவிட்டது.

கடை கட்டும்போது
மஸ்தான் பின்திரைத் துணியைச் சுருட்டாமலே
என்னிடம் தூக்கிவந்தான்.
சிவப்புப் பலூன் கட்டிய இடத்துக்கும்
மஞ்சள் பலூன் கட்டிய இடத்துக்கும் நடுவே
ஒரே ஒரு ஓட்டை.
விட்டுப் பார்த்தேன்,
என் சுண்டுவிரல் நுழையவில்லை.

திங்கட்கிழமை மறுபடியும் அட்டை,
மறுபடியும் பூஜ்யம்.

மாதக் கடைசியில் சூப்பர்வைசர்
ரிப்போர்ட்டில் விரல் வைத்துக் கேட்டார்:
"படைவீரர் வரிசையில ஒரு ஞாயித்துக்கிழமை காலியா இருக்கே,
அன்னைக்கு அந்த ஆள் வரலையா?"

வரலை சார், என்றேன்.